துக்க அட்டையில் உன் பெயர்

செப்டம்பர் 9, செவ்வாய்

என் மகன் வீபேவுக்கு,

கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாதே. அம்மாதான். போனில் நான் அனுப்புவது எதையும் நீ திறப்பதில்லை, அதனால் காகிதத்தில் எழுதுகிறேன். நீ தங்கியிருக்கும் ஜெர்மன் கிளப்பின் விலாசத்தைக் கேன்டீன் அஃப்கேதான் தேடிக் கொடுத்தாள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். பள்ளிக்கூடத்தை விட்டதிலிருந்து துலிப் கிழங்கு உரித்த கை இது.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. நம் டென்னிஸ் கிளப்பில் நான்காம் களத்தின் ஓரத்தில் புல் முளைத்துவிட்டது. அப்பா செய்த வேலையை இப்போது முறைவைத்துச் செய்கிறார்கள். ஆடி முடித்ததும் செம்மண்ணைச் சமன் செய்ய வலையை இழுக்கிறார்கள், மூலைகளை விட்டுவிடுகிறார்கள். பார்த்துவிட்டுச் சும்மா வந்துவிட்டேன்.

ஏன் மறைத்தாய் என்று அன்று வாசலில் கேட்டாய். இப்போது சொல்கிறேன்.

மே மாதம் அந்த வியாழக்கிழமை காலையில் அப்பா நான்காம் களத்தில் விழுந்து கிடந்தார். வலைக்கயிறு கையில் சுற்றியபடி இருந்தது. நீ முந்தைய நாள்தான் துருக்கி போயிருந்தாய். போகுமுன் சாப்பாட்டு மேசையில் நீ சொன்னது நினைவிருக்கிறதா? "இந்தத் தடவையும் தரவரிசையில ஒரு புள்ளி கிடைக்கலேன்னா மட்டையைப் பரண்ல போட்டுட்டு கிழங்கு உரிக்க வந்துடறேம்மா" என்றாய். அப்பா உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே, "உனக்கு அங்கே யாருடா வேலை குடுப்பா? உங்கம்மா பத்துக் கூடை உரிக்கிற நேரத்துல நீ ஒண்ணு உரிப்பே" என்றார். அவர் பேசியதிலேயே அதுதான் நீளம்.

நான் போனைக் கையில் எடுத்தேன். அப்புறம் கணக்குப் போட்டேன். இரண்டு வருடமாக நீ ஞாயிறு முதல் ஆட்டம் ஆடுவாய், தோற்பாய், செவ்வாய்க்குள் வீட்டில் இருப்பாய். இந்த ஒன்றை மட்டும் நிம்மதியாக ஆடிவிட்டு வரட்டும், வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்பாவை முன்னறையில் கிடத்தினோம். உடல் கெடாமல் இருக்கக் கட்டிலுக்கு அடியில் குளிர்ப்பலகை வைத்தார்கள். யாரும் உனக்குச் சொல்லக் கூடாது என்று எல்லாரிடமும் சத்தியம் வாங்கினேன். அஃப்கே மட்டும், "ட்ரைந்யே, இது நல்லால்ல. அவன் உன்னை மன்னிக்க மாட்டான்டி" என்றாள்.

ஞாயிறு நீ ஜெயித்தாய்.

போட்டி நடக்கும்போது அப்பாவின் எண்ணைத் தவிர வேறு எதையும் நீ திறக்க மாட்டாய். "ஜெயிச்சுட்டேன்பா" என்று வந்தது. அப்பா எப்போதும் எழுதும் அதே இரண்டு வரியை அவர் போனிலிருந்து நான் எழுதினேன். "சரி. இப்ப சாப்பிடு." அனுப்பிவிட்டு முன்னறைக்குப் போய் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திங்களும் ஜெயித்தாய். செவ்வாய் உன் முதல் புள்ளி. அன்றாவது சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஒரு நாள் சொல்லாமல் விட்டால் மறுநாள் சொல்வது இரண்டு மடங்கு கஷ்டம், வீபே. அடக்க வேலைகளைப் பார்க்கும் பெண் தினமும் காலையில் வந்து பலகையைச் சோதித்துவிட்டு, "நாளைக்காவது பையன் வந்துடுவாராம்மா?" என்று கேட்பாள். ஆறு வேலை நாளுக்குள் அடக்கம் செய்ய வேண்டும், வெள்ளிதான் கடைசி என்றாள். மேயரிடம் எழுதிக் கேட்டால் நாள் தள்ளித் தருவாராம், காரணம் சொல்ல வேண்டுமாம். என்ன காரணம் எழுதுவேன்? என் பையன் ஜெயித்துக்கொண்டே இருக்கிறான் என்றா?

புதன் இரவும் வியாழன் காலையும் நான் என்ன வேண்டிக்கொண்டேன் என்று உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். நீ தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். வியாழனும் ஜெயித்தாய்.

வெள்ளி பதினொரு மணிக்கு அடக்கம். பிறகு சபை மண்டபத்தில் எல்லாருக்கும் காப்பியும் ஒரு துண்டு கேக்கும் கொடுத்தோம். ஒவ்வொருவராக என் கையைப் பிடித்துக் குலுக்கும்போது கோட்டுப் பையில் அப்பாவின் போன் அதிர்ந்தது. கோட்டுகள் தொங்கும் மூலைக்குப் போய் எழுதினேன். சரி. இப்ப சாப்பிடு. ஓர் எழுத்துகூடப் பிழையாகவில்லை. அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

சனி, ஞாயிறு. கோப்பை உனக்கு. ஏழு முறை எழுதினேன்.

திங்கள் ரயிலை விட்டு இறங்கியதும் அஃப்கே உன் கையைப் பிடித்து ஒரே மூச்சில் வாழ்த்தும் சொன்னாள், துக்கமும் கேட்டாள். உனக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்துவிட்டாளாம், பாவம். நீ வீட்டுக்கு வந்தபோது சன்னலோரம் அந்தத் துக்க அட்டை இருந்தது. அப்பா பெயர், தேதி, கீழே துயருடன் நான், துயருடன் நீ. "நான் துக்கத்துல இருக்கேன்னு ஊருக்கே அச்சடிச்சு அனுப்பியிருக்கே. எனக்குத்தான் தெரியலே" என்றாய். பையைக் கீழே வைக்கவே இல்லை.

அதற்குப் பிறகு நீ ஆடியதை எல்லாம் அப்பாவின் போனில் பார்க்கிறேன். ஒன்பது போட்டி, ஒன்பதிலும் முதல் ஆட்டத்திலேயே தோல்வி. முன்பு வேண்டிக்கொண்டது இப்போது வந்து சேர்கிறதோ என்னவோ. மேசையில் இரண்டு தட்டு வைக்கிறேன், அப்புறம் ஒன்றை எடுத்து வைக்கிறேன். கிழங்கு உரிக்கும் கொட்டகையில் யாராவது பேச்சுக்கொடுத்தால் எழுந்து போய்விடுகிறேன்.

நல்ல எண்ணத்தில் மறைத்தேன் என்று ஊருக்குச் சொல்லிக்கொள்கிறேன். அது பாதிதான். அப்பா ஒரு நாளும் நீ தோற்பாய் என்று எண்ணிக் காத்திருந்ததில்லை. நான்தான் அப்படிக் காத்திருந்தேன். உன்மேல் நம்பிக்கை இருந்திருந்தால் அப்பா விழுந்த வியாழனே சொல்லியிருப்பேன்.

கல்லறையில் இன்னும் கல் வைக்கவில்லை. மரக்குச்சியில் எண் மட்டும் இருக்கிறது. கல் செதுக்குகிறவர் இரண்டு முறை கேட்டுவிட்டார். அட்டையில் உன்னைக் கேட்காமல் உன் பெயரைப் போட்டேன். கல்லில் போட மாட்டேன். நீ வந்து சொல்லும்வரை அவர் பெயரில்லாமல் கிடக்கட்டும். என்னைப் பார்க்க வேண்டாம், அவரைப் பார்க்க வா. வருகிற நாளைச் சொன்னால் நான் அஃப்கே வீட்டுக்குப் போய்விடுகிறேன்.

இன்னும் ஒன்று. அந்த இரண்டு வரியில் முதல் வரிதான் அப்பாவுடையது. உன் செய்தி வந்ததும் அடுப்படியிலிருந்து, "சாப்பிடச் சொல்லுங்க" என்று கத்துவது நான். அவர் அதையும் சேர்த்து எழுதுவார்.

அவர் போனிலிருந்து இனி எதுவும் வராது. சரி என்று சொல்ல எனக்கு வாயில்லை.

சாப்பிடு, வீபே.

உன் அம்மா
ட்ரைந்யே