மேட்டுக் கிணறு

நவம்பர் 4

பள்ளத்தில் இருக்கும் பட்டறையின் கழிவு மேட்டில் இருக்கும் கிணற்றுக்கு எப்படி ஏறும்? எனக்குத் தெரியவில்லை. மாசுக் கட்டுப்பாட்டுப் பொறியாளர் என்று பெயர். படித்த படிப்பு இதற்கு உதவவில்லை.

மானாம்பதிப் பக்கம் ஒரு காலனி. கிணற்றுத் தண்ணீரில் மண்ணெண்ணெய் வாடை. புகார் கொடுத்த தேவயானியின் மகள் இளமதி, வாந்தி நிற்காமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். தேவயானியின் கணவன் ஜான்சன் அந்த டிரை கிளீனிங் பட்டறையில்தான் பட்டுப்புடவைக்குப் பெட்ரோல் வாஷ் போடுகிறான். புகார் எழுதியதற்காக இவளை அடித்திருக்கிறான். உதடு கிழிந்திருந்தது.

"அட்ச்சா அடிக்கட்டும். எம் பொண்ணு வாயில வெசத்த ஊத்தினவன் எவன்னு மட்டும் சொல்லுங்க மேடம்."

நவம்பர் 6

பட்டறைக்குப் போனேன். முதலாளி ஹரிநாராயணன் காபி வரவழைத்தார். குடிக்கவில்லை. புடவை வெளுத்த எண்ணெயைக் காய்ச்சி வடித்தால் அடியில் கறுப்பாகத் தங்கும். அதை அனுமதி பெற்ற இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். அனுப்பியதற்கு ரசீது இல்லை. கொட்டிய குழியும் இல்லை. பின்னே எங்கே போகிறது?

"ஆவியாப் போயிடும் மேடம். நீங்க கெமிஸ்ட்ரி படிச்சவங்கதானே?"

அந்தக் கறுப்பை நான் சோதனைக்கு எடுத்த பாட்டிலை அவருடைய ஆள் பிடுங்கிச் சுவரில் அடித்தான். கண்ணாடி என் வலது முழங்கையைக் கிழித்தது. பைக்குள் இன்னொரு பாட்டில் இருந்தது அவனுக்குத் தெரியாது.

நவம்பர் 7

தையல் போட்டார்கள். பட்டறையை மூடும் உத்தரவு கேட்டு இடது கையால் எழுதி அனுப்பினேன்.

நவம்பர் 11

உத்தரவோடு போனேன். மூடுவதற்கு எதுவும் மிச்சமில்லை. காலனிக்காரர்கள் எந்திரத்தை உடைத்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் ஜான்சன் தெருக்காரர் இருசப்பன், கையில் கடப்பாரை. ஹரிநாராயணனைத் தரையில் இழுத்தார்கள், தலையில் கல்லால் அடித்தார்கள். யாரோ எண்ணெயில் ஊறிய புடவைகள் மேல் தீக்குச்சி போட்டார்கள். யாருடைய கல்யாணப் புடவைகளோ. சாம்பலில் சரிகை மட்டும் மின்னியது.

பார்க்கத் திருப்தியாக இருந்தது. இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும்.

நவம்பர் 14

சோதனை முடிவு வந்தது. கிணற்றில் இருப்பது பட்டறையின் கறுப்பு எண்ணெய்தான். அது தானாக ஏறவில்லை. ஜான்சன் கேனில் தூக்கிக்கொண்டு ஏறியிருக்கிறான். கேட்டதும் சொல்லிவிட்டான்.

"மழன்னா கெணத்தாண்ட பாம்பு வருது மேடம். இத்த ஊத்தினா அண்டாது. மொதலாளி சும்மா குடுத்தாரு. தெருவே கேட்டு வாங்கிக்கினு போச்சு. இருசப்பன் மாமா வூட்டச் சுத்தி நான்தான் ஊத்தினேன்."

வருஷா வருஷம். கிணற்றைச் சுற்றி. சொந்தக் கையால்.

குற்றம் முதலாளியுடையது. கழிவைத் தொழிலாளி கையில் கொடுத்தனுப்பக் கூடாது என்பதுதான் சட்டம். அறிக்கையில் அப்படித்தான் எழுதினேன். தேவயானியிடமும் அதே வரிசையில்தான் சொன்னேன்: முதலாளி, சட்டம், பாம்பு, கடைசியாக ஜான்சன். முதல் மூன்றும் அவள் காதில் விழுந்ததா?

"இன்னா சொன்ன? யாரு?"

திரும்பவும் சொன்னேன். எழுந்து போய்விட்டாள்.

நாளை கிணற்றை மூடிவிட்டு லாரித் தண்ணீர் விடச் சொல்லியிருக்கிறேன். அதோடு அடங்கிவிடும்.

நவம்பர் 15

அடங்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது ஜான்சனைக் கிணற்றுக் கம்பத்தில் கட்டி அடித்துக்கொண்டிருந்தார்கள். முதல் அடி இருசப்பனுடையதாம். "எங்க வாயிலயே ஊத்தினியேடா!" என்று கத்திக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொன்னேன். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு அவன் வாயைப் பிளந்து, அதே கிணற்றுத் தண்ணீரை ஊற்றினார்கள். போலீஸ் வருவதற்குள் விலா உடைந்திருந்தது. இளமதி இருக்கும் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்திருக்கிறார்கள்.

சொம்பைப் பிடித்து ஊற்றியது தேவயானி.