117ஆம் இலக்கக் கால்

பெப்ரவரி 1, 2026, ஞாயிறு

இல்லை அன்ரி, நான் கல் விற்பதில்லை.

பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்று இதைத்தான் சொன்னேன். ஸ்ரௌவ்வில்லில் புதுவீடு வாங்கிய அன்ரி விடவில்லை. "மாபிளோட வேலையெண்டு அம்மா சொன்னாவே. கிச்சின் கவுண்டருக்கு ஒரு துண்டு எடுத்துத் தரமாட்டியே?"

கிரேக்கத்தில் தோண்டியெடுத்தது, இரண்டாயிரம் வருடப் பழசு என்றேன்.

"பழசெண்டால் மலிவாய் வரும்தானே."

கல்லை நான் தொட்டதே இல்லை. எல்லாம் அங்கே ஒரு களஞ்சியத்தில். பல்கலைக்கழகத்தில் என் மேசைக்கு வருவது படங்கள். பார்த்து, என்ன பொருள், என்ன செதுக்கல், என்ன எழுத்து என்று பட்டியலில் பதிகிறேன்.

பெப்ரவரி 4

பட்டியலின் தொகுப்பாசிரியர் மாக்கஸ், 117ஆம் இலக்கக் கல்லை என்னிடமே விட்டுவிட்டார். என்னவென்று கண்டுபிடித்தால் பதிவின் அடியில் என் முதலெழுத்துகள். ந. அ. அச்சில்! 20ஆம் திகதி எல்லாம் அச்சகத்துக்குப் போகிறது.

உள்ளங்கை அளவுப் பளிங்கு. நடுவில் ஏதோ ஒரு மேடு. ஓரத்தில் தேய்ந்த நான்கு எழுத்துகள் — ஒரு பெயரின் வால்.

பெப்ரவரி 6

கால்! ஐந்து விரலும் இருக்கின்றன.

பெப்ரவரி 9

எழுதி அனுப்பினேன். புடைப்பாகச் செதுக்கிய சின்ன இடது கால். நோய் தீர்ந்தவர் கடவுளுக்கு வைத்த காணிக்கை. அம்மா எனக்காக மாதா கோயிலில் வெள்ளிக் கண் வைத்ததுபோல.

மாக்கஸின் பதில் ஒரே சொல்: அருமை.

பெப்ரவரி 12

விட்பிக்கு, வீட்டுக்குத் திரும்பும் ரயில். எதிர் இருக்கையில் தங்கச்சி ஜெனாட். போனில் படத்தைக் காட்டினேன் — பெருமைதான், வேறென்ன. அவள் போனை வாங்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே, தலைகீழாகப் பார்த்தாள்.

"ஆரோ மிதிச்சிருக்கினம்."

"என்னத்தை?"

"சீமெந்தை. எங்கட சைட்வோக்கில ரக்கூன் மிதிச்ச மாதிரி. குழி, அக்கா."

"மேடு."

"குழி. இவ்வளவு படிச்சனி, கண்ணாடியை மாத்து."

போனைத் திருப்பினேன். மேடு அமிழ்ந்தது. மறுபடி திருப்பினேன். எழுந்தது.

வெளிச்சம். மேலிருந்துதான் விழும் என்று கண் தானாகவே எடுத்துக்கொள்கிறது. கீழிருந்து விழுந்தால் குழி மேடாகத் தெரியும். இந்தப் படத்தில் எங்கிருந்து விழுந்தது?

ஐயோ — எழுத்துகள். கல்லில் எழுத்தை வெட்டித்தான் எழுதுவார்கள். என் படத்தில் அவையும் மேடாக நிற்கின்றன. ஒரு கிழமையாப் பாத்துக்கொண்டிருக்கிறன். வெட்டின எழுத்து எப்பிடியடி எழும்பி நிக்கும்?

பெப்ரவரி 13

சொல்லாமல் விடலாம். மாக்கஸ் ஏற்றுக்கொண்டாயிற்று. யார் கல்லைத் தேடிப் போகப்போகிறார்கள்? நான் எழுதிய பந்தி வேறு நன்றாக வந்திருந்தது.

ஆனால் ஒரு பிழையின் அடியிலா ந. அ.?

சொன்னேன். மாக்கஸ் படத்தைத் திருப்பினார். பிறகு தன் தலையைத் திருப்பினார். பிறகு கதிரையோடு சுற்றினார். "நானும் மேடு என்றே நம்பினேன்," என்றார். இருவரும் சிரித்தோம். அங்கேயே களஞ்சியத்துக்கு எழுதிக் கேட்டார்.

பெப்ரவரி 15

பதில் இல்லை.

பெப்ரவரி 17

களஞ்சியத்தைப் பார்க்கும் பெண் எழுதியிருக்கிறார்: "பெருவிரல் இருக்கும் இடத்தில் என் சுண்டுவிரலை வைத்தேன். உள்ளே போகிறது."

குழி.

அப்படியென்றால் நோயாளியின் கால் அல்ல. கோயிலுக்கு வந்த யாரோ கல்லில் வெட்டுவித்து விட்டுப்போன தடம். வந்தேன், நின்றேன் — ஒருவேளை அவ்வளவுதான். எனக்கு இது இன்னும் பிடித்திருக்கிறது.

ஜெனாட்டுக்குச் சொன்னேன். "என்ர பேரும் போடு."

"ஒரு நன்றி வரி."

"போல்டில."

பழைய பந்தியை அழித்தேன். புதியது மூன்றே வரி. அடியில் ந. அ. என்று இட்டு மாக்கஸுக்கு அனுப்பினேன். பிறகு 118ஐத் திறந்தேன்.