முப்பத்தெட்டு நிமிடத் தூரத்தில் இருக்கும் மகளைக் காண ஐந்து நாள் கோரும் மனு

அனுப்புநர்:
காற்றுப் பதிவாளர் (தனிப் பணியிடம்),
மலைக்கு மேற்கே உள்ள சிறு விமான நிலையம்.

பெறுநர்:
உயர் அலுவலர் அவர்கள்,
விடுப்புப் பிரிவு,
விமான நிலையங்கள் துறைத் தலைமையகம்.

பொருள்: இரு நிலையங்களுக்கிடையே இல்லாத விமானத்தின் பறக்கும் நேரம் – அதன்படி பயண விடுப்பு கணக்கிடப்பட்டது – மகளை இன்னும் பார்க்கவில்லை – நிவாரணம் கோருதல் தொடர்பாக.

பார்வை: தங்கள் பிரிவின் மறுகணக்கீட்டுக் கடிதம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மனைவி மலைக்குக் கிழக்கே உள்ள நிலையத்தில் ஓடுபாதை விளக்குகளைப் பராமரிக்கிறார். நான் இங்கே காற்றை அளக்கிறேன். துறை அட்டவணைப்படி எங்களுக்கிடையே 212 கிலோமீட்டர். பறக்கும் நேரம் 38 நிமிடம்.

2. விமானம் கிடையாது. ஒருபோதும் இருந்ததில்லை.

3. தரைவழியில் இரண்டு பேருந்து, ஒரு ரயில், ஒரு படகு, அதன்பின் கிடைக்கிற லாரி. போக மட்டும் இரண்டரை நாள்.

4. எட்டு மாதங்களுக்கு முன் எங்களுக்கு மகள் பிறந்தாள். விண்ணப்பித்தேன். ஒரு நாள் விடுப்பும், போக 38, வர 38 நிமிடமும் அனுமதிக்கப்பட்டன. மீறினால் பணியைக் கைவிட்டதாகக் கருதப்படும் என்று ஓர் அடிக்குறிப்பு. மனைவிக்கும் இதே அட்டவணை. இதே அடிக்குறிப்பு.

5. நிலைய எழுத்தரிடம் முறையிட்டேன். நல்லவர். "ஏன் தம்பி, குளிச்சுட்டுத் தலை துவட்டுற நேரம். இதுக்கெல்லாமா லீவு கேப்பாங்க? சாப்பாட்டு நேரத்துல போய்ப் புள்ளையக் கொஞ்சிட்டு வந்துடேன்" என்றார். அட்டவணையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவருக்குப் பின்னால் ஜன்னலில் ஓடுபாதை தெரிந்தது. நடுக்கோட்டின்மேல் ஒரு நாய் தூங்கிக்கொண்டிருந்தது.

6. மேல்முறையீடு செய்தேன். மூவர் குழு அமைந்தது. மூவரும் தலைமையகத்தை விட்டு நகராமல் என் காற்றுப் பதிவேட்டை வரவழைத்துப் படித்தனர். ஆண்டில் பெரும்பகுதி மேற்குக் காற்று. அது விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளும் என்பதால் பறக்கும் நேரம் 36 நிமிடமாகக் குறைக்கப்பட்டது. திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும். அதற்கும் 36தான் தந்திருக்கிறார்கள். இதைச் சுட்டிக்காட்டினால் இன்னொரு குழு அமையுமோ என்ற அச்சத்துடனேயே எழுதுகிறேன்.

7. மனைவிக்குத் தொலைபேசியில் சொன்னேன். "காத்து அடிச்சா, அடிச்சுதுன்னே எழுதி வெச்சுடுவீங்களா? சொந்த செலவுல சூனியம் வெச்சுக்கிட்டீங்களே!" என்று சிரித்தார். வெகுநேரம் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

அடித்த காற்றைத்தான் நான் எழுதினேன், ஐயா.

8. எனவே தரைவழிப் பயணத்துக்கு ஐந்து நாளும், அந்நாள்களில் காற்றை அளக்க ஒரு மாற்று ஆளும் தந்தருள வேண்டுகிறேன். இயலாதெனில் ஒரே ஒரு விமானம், ஒரே ஒரு முறை.

9. கூடுதல் தகவல். மகள் நேற்று முதன்முறையாகத் தவழ்ந்தாள். கட்டிலடியிலிருந்து வாசற்படி வரை பதினோரு அடி. நான்கு நிமிடம் என்று மனைவி கடிகாரம் பார்த்துச் சொன்னார். அந்த வாசல் மேற்கு பார்த்தது. ஆகவே அட்டவணையிலுள்ள 212 கிலோமீட்டரில் பதினோரு அடியைக் கழித்துக்கொள்ளுமாறும், மீதியை நான் கடக்க அனுமதிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: பதிவு அறை, ஓடுபாதையின் கிழக்கு முனை
நாள்: ஒன்பதாம் தேதி, வியாழன்

தங்கள் உத்தரவை எதிர்நோக்கி,
(ஒப்பம்)
காற்றுப் பதிவாளர்