பைபிளில் வைத்த ரசீது

1997 மார்ச் 3, திங்கள்

பிப்ரவரிக் கணக்கை இன்று மூடினோம். மூடிய கையோடு ராஜரத்தினம் சார் மார்ச் கணக்கைத் திறக்கச் சொன்னார். அவர் எங்கள் ராஜபாளையம் மில் தலைமை அலுவலகத்தின் ஜி.எம். பதினெட்டு வருஷமாக நடப்பதுதான். இன்றைக்கு என்னவோ அதைக் கேட்டதும் தலை வலித்தது.

எங்கள் கணக்குப் பிரிவு மானேஜர் பதவிக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஒரு பையனைக் கொண்டுவந்திருக்கிறார்கள். நல்ல பையன்தான். எந்த வவுச்சர் எங்கே இருக்கிறது என்று என்னிடம்தான் கேட்கிறான். இனி நான் எழுதுவேன், அவன் கையெழுத்துப் போடுவான். இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

சர்ச்சிலிருந்து வந்து சோற்றை வடித்துக்கொண்டிருக்கும்போது ஜகந்நாதன் வந்தார். இரண்டு வருஷத்துக்கு முன் மில்லில் சம்பளக் கம்ப்யூட்டர் போட வந்தவர். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர், கோயில் பக்கத்து வீடு. பெங்களூர் வேலையை விட்டுவிட்டு ஊரில் சொந்தக் கம்பெனி தொடங்கியிருக்கிறார்.

பையிலிருந்து ஒரு மெஷினை எடுத்து மேஜைமேல் வைத்தார். டெலிபோன் ரிசீவரைவிடக் கொஞ்சம் பெரிசு. தினசரிச் சேமிப்பு வசூலிக்கிற ஆள் இதைக் கையில் எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போக வேண்டும். கடை நம்பரையும் தொகையையும் அமுக்கினால் ரசீது வந்துவிடும். சாயங்காலம் கம்ப்யூட்டரில் மாட்டினால் அன்றைய வசூல் முழுக்க அதில் ஏறிவிடும்.

“பேங்க் இனிமே கடைக்கு நடந்து வரும் மேடம். கணக்கும் தெரிஞ்சு, கடைக்காராளோட பேசவும் தெரிஞ்ச ஒருத்தர் வேணும். நீங்க வந்துடுங்கோ.”

என் பெயருக்கு ஒரு ரூபாய் என்று ஒரு ரசீது அடித்துக் கொடுத்தார். வழவழவென்று இருந்தது. இதற்கு மையே கிடையாதாம், சூட்டில் எழுத்து விழுகிற பேப்பராம். பைபிளைத் திறந்து, சங்கீதம் வருகிற பக்கத்தில் வைத்தேன்.

அவர் போனதும் என் வீட்டுக்காரர் கேட்டது ஒன்றே ஒன்று: “சம்பளம் எம்புட்டாம்?”

மார்ச் 21

விசாரித்தேன். இப்போது வாங்குவதில் பாதி.

ஏப்ரல் 14, திங்கள்

விடுமுறை. நாள் முழுக்கச் சண்டை. இவர் தளவாய்புரம் பள்ளிக்கூடத்து வாத்தியார். சத்தம் போட மாட்டார், வகுப்பில் பாடம் நடத்துகிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்பார்.

“நம்ம மக எப்சிபா கிருஷ்ணன்கோவில் காலேஜ்ல இன்ஜினீயரிங் சேரணும்னு நிக்கா. மில்லுல ஸ்டாஃப் பிள்ளையளுக்கு லோன் உண்டு. அந்தப் பையன் கம்பெனியில என்ன உண்டு?”

ஒன்றுமில்லை என்றேன்.

“பொறவு எதுக்குப் போற?”

பாத்திரம் கழுவப் போனேன். வீரமெல்லாம் ஒன்றும் இல்லை. அலுப்பு. இந்த நாற்பத்தொரு வயதில், ஒரு தடவையாவது, மூடி மூடித் திறக்காத வேலை ஒன்றைச் செய்து பார்த்துவிட வேண்டும் என்று இருக்கிறது. இதை இவரிடம் சொன்னால் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்.

மே 30

ராஜினாமாவை நீட்டினேன். ராஜரத்தினம் சார் வாங்கவில்லை.

“ஏம்மா, புத்தியோடதான் இருக்கீகளா? சம்பளமில்லாம ஆறு மாசம் லீவு எழுதிக் குடுங்க. நவம்பர் கடைசி வரைக்கும் உங்க நாற்காலில ஒருத்தரையும் உக்கார விடமாட்டேன். அதுக்கு மேல என் கையில இல்ல.”

நல்ல மனுஷர். அழுகை வந்தது, பாத்ரூமுக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 2, திங்கள்

ஏழரை மணி வண்டியில் ஸ்ரீவில்லிபுத்தூர். சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் எங்கள் கம்பெனி. மூன்று மேஜை, நான்கு ஆள். ஃபேன் ஒன்றுதான், அதுவும் கம்ப்யூட்டருக்கு. நானே பெருக்கினேன்.

இந்த ஊர் வியாபாரிகள் சிக்கன சங்கம்தான் எங்கள் முதல் வாடிக்கை. ரசீதுப் பேப்பர் மொத்தமாக வாங்க வேண்டும். எழுத்து நிற்குமா என்று ஜகந்நாதனுக்குச் சந்தேகம். ஒரு ரசீதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார்.

“எனக்கு அழியலை. உங்களுது?”

பைபிளில் வைத்தது மூன்று மாதமாக அப்படியே பளிச்சென்று இருக்கிறது என்றேன்.

“அப்போ பாஸ் மேடம்.” இன்றைக்கே பெட்டி பெட்டியாக ஆர்டர் போட்டோம்.

ஜூலை 11

லீவில் இருப்பவர்களுக்கு ஸ்டாஃப் லோன் கிடையாதாம். எப்சிபாவை ராஜபாளையத்திலேயே பி.எஸ்ஸி. கணக்கில் சேர்த்தாயிற்று. அவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

ஜூலை 12

காலையில் பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது கிருஷ்ணன்கோவில் காலேஜ் பஸ் முன்னால் வந்து நின்றது. பிள்ளைகள் ஏறினார்கள். நான் கைப்பைக்குள் ஏதோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். பாவி, பெற்ற பிள்ளைக்குப் பண்ணுகிற காரியமா இது?

ஆகஸ்ட் 19

தேர்க் கூட்டம் வடிந்து கடைத்தெரு பழையபடி ஆகிவிட்டது. சங்கத்தின் வசூல்காரி முத்துப்பேச்சியோடு இன்று வெயிலில் நடந்தேன். மெஷின் நன்றாக ஓடுகிறது. பித்தளைப் பாத்திரக் கடை சோலைச்சாமி அண்ணாச்சி முதல் மாதம் முறைத்துக்கொண்டிருந்தவர், இப்போது ரசீது விழும் சத்தத்துக்கே கையை நீட்டுகிறார். கடைத்தெருவில் அவர் பேச்சுக்கு மதிப்பு. அவர் கட்டினால் எல்லாரும் கட்டுவார்கள்.

கால் வீங்கியிருக்கிறது. ஆனாலும் இன்று மனசுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்தது.

அக்டோபர் 10

ஆயுத பூஜை. லீவு. தூங்கினேன்.

அக்டோபர் 13, திங்கள்

எங்கே தொடங்குவது?

படியேறும்போதே முத்துப்பேச்சி குரல். “யக்கா, ரசீதெல்லாம் கறுத்துப் போச்சுக்கா! கடைத்தெருவே கூடி நிக்கி. ஒருத்தரும் காசு தரமாட்டேங்காக!”

ஓடினேன். சோலைச்சாமி அண்ணாச்சி கடை வாசலில் கூட்டம். ஆளுக்கொரு கட்டு. விரித்துக் காட்டினார்கள். எழுத்து, தொகை, தேதி ஒன்றும் தெரியவில்லை. முழுக்கக் கறுப்பு. மேலே சந்தனமும் குங்குமமும்.

அப்போதுதான் புரிந்தது. ஆயுத பூஜைக்குக் கல்லாப்பெட்டி, தராசு, பேரேடு எல்லாவற்றையும் சாமி படத்துக்கு முன்னால் வைப்பார்கள். காசு வரவு என்றால் அதற்கும் பூஜை. ஆகவே எங்கள் ரசீதையும் கட்டுக் கட்டாக அடுக்கிப் பொட்டு வைத்து, பக்கத்தில் குத்துவிளக்கு ஏற்றி, சூடமும் காட்டியிருக்கிறார்கள். சூட்டில் எழுத்து விழுகிற பேப்பர். மொத்தப் பேப்பரிலும் எழுத்து விழுந்துவிட்டது.

எங்கள் வீட்டில் விளக்கு ஏற்றுகிற பழக்கம் இல்லை. நான் மூடின பைபிளுக்குள் வைத்துப் பார்த்து, நிற்கும் என்று சொன்னேன். எனக்குத் தோன்றாததைக்கூட விடு. கோயில் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த ஜகந்நாதனுக்கும் தோன்றவில்லையே!

“சாமி முன்னால வச்சது கரியாப் போயிருக்கு. இதுக்கு மேல என்ன சகுனம் வேணும்?” என்றார் அண்ணாச்சி. “போன வருசம் ஒரு ஃபைனான்ஸ்காரன் நம்மள ஏச்சுட்டு ஓடினானே, அவனாவது ரசீதை உருப்படியாக் குடுத்தான்.”

பணம் பத்திரமாக இருக்கிறது, எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிறது என்றேன். கம்ப்யூட்டரை யார் பார்த்தது?

அக்டோபர் 14

வசூல் இல்லை.

அக்டோபர் 15

வசூல் இல்லை. ஜகந்நாதன் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு இருக்கிறார். “எங்காத்துல தெனமும் விளக்கேத்தறா மேடம்” என்று மூன்று தடவை சொன்னார். ஆறுதல் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

அக்டோபர் 17

கடைவாரியாகக் கணக்கைக் கம்ப்யூட்டரில் அடித்து எடுத்துக்கொண்டு, காலையில் முதல் ஆளாக அண்ணாச்சி கடைக்குப் போனேன். அவர் வரவை ஆரம்பத்திலிருந்து வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு நாள்கூடத் தப்பவில்லை என்று அவருக்கே தெரிந்தது.

“சரித்தான். ஆனா இது மெஷின் அடிச்சது. நீங்க உங்க கையால எழுதி, உங்க கையெழுத்தப் போட்டுத் தாங்க. மெஷினு பொய் சொன்னா நான் உங்களப் பிடிப்பேன்.”

ஒரு அட்டையில் எழுதினேன். போட்டேன்.

அதைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்துக் கடைக்குப் போனார். என்ன சொன்னாரோ, மத்தியானத்துக்குள் வரிசை நின்றது.

நவம்பர் 4

தீபாவளியும் போயிற்று. இன்னும் அட்டைதான். முத்துப்பேச்சி வசூலிக்கிறாள், மெஷினில் ஏற்றுகிறாள். பின்னாலேயே நான் போய்க் கையால் எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். மெஷின் வாங்கினதே எழுதாமல் இருக்கத்தான் என்று ஜகந்நாதன் சிரித்தார். அவர் சிரித்துப் பல நாளாயிற்று. எனக்குச் சிரிப்பு வரவில்லை, விரல் மரத்துவிட்டது.

இனிமேல் ரிப்பனும் மையும் போட்டு அடிக்கிற பிரிண்டர்தான் வேண்டுமாம். மெஷினையே பிரித்து மாற்ற வேண்டும். அதற்கு அவர் அம்மாவின் நகையைக் கேட்டிருக்கிறார்.

நவம்பர் 20

ஜகந்நாதன் என்னை உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே பேசினார்.

“இந்த மாசம் சம்பளம் தர முடியாது மேடம். அடுத்த மாசமும் சந்தேகம். மில்லுல உங்க சேர் இன்னும் காலியாத்தானே இருக்கு? போயிடுங்கோ. நான் தப்பா நெனைக்க மாட்டேன்.”

வீட்டில் இவரிடம் சொன்னேன். “சரி, திங்கக்கிழமை ஒண்ணாம் தேதி. ஆபீசுக்குக் கட்டுற வெள்ளச் சேலைய இஸ்திரிக்குக் குடுத்துரு” என்றார். அதில் கேலி இல்லை. நிம்மதிதான் இருந்தது. எனக்குமே நிம்மதியாகத்தான் இருந்தது. ஏன் பொய் எழுத வேண்டும்?

நவம்பர் 28, வெள்ளி

ராஜரத்தினம் சார் சைக்கிள் கடைக்குப் போன் பண்ணிக் கூப்பிட்டார். “திங்கக்கிழமை வந்துருவீகல்ல?” வாரேன் சார் என்றேன்.

சாயங்காலம் கடைத்தெருவில் சொல்லிக்கொள்ளப் போனேன். சோலைச்சாமி அண்ணாச்சி பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார். துடைக்கிறதை நிறுத்தவில்லை.

“மில்லுக்கா? நல்லது. நல்ல வேல. போயிட்டு வாங்க.”

பிறகு கல்லாவிலிருந்து அந்த அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“இத மட்டும் என்ன செய்யன்னு சொல்லிட்டுப் போங்க. கையெழுத்துப் போட்ட ஆளு ராசபாளையத்துல மில்லுக்குள்ள இருந்தா, நாங்க யார்கிட்டப் போய்க் கேக்கது? கேட்ல வாட்ச்மேன் உள்ள விடுவானா?”

கோபமாகச் சொல்லவில்லை. அவர் உண்மையாகவே என்னிடம் வழி கேட்டார்.

கடைத்தெருவில் ஒவ்வொரு கல்லாவிலும் என் பெயர் கிடக்கிறது. மில்லில் பதினெட்டு வருஷத்தில் என் கையெழுத்தை நம்பி யாரும் ஒன்றும் வைத்ததில்லை. கோயம்புத்தூர்ப் பையனுடையதுதான் செல்லும்.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தேன்.

நவம்பர் 30, ஞாயிறு

சர்ச்சில் பிரசங்கம் காதில் ஏறவில்லை. சேலை இஸ்திரி போட்டு வந்து கட்டில்மேல் இருக்கிறது. இவர் ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறார்.

போகணும். எப்சிபாவுக்கு அடுத்த வருஷமாவது ஏதாவது... போகணும். ஆனா அந்த அட்டை?

டிசம்பர் 1, திங்கள்

அதே வெள்ளைச் சேலையில் மில்லுக்குப் போய் ராஜினாமாவைக் கொடுத்தேன். இந்தத் தடவை வாங்கிக்கொண்டார். “வருத்தப்படப் போறீக” என்றார். தெரியும் சார் என்றேன்.

பிறகு ஸ்ரீவில்லிபுத்தூர் வண்டி. எழுத வேண்டிய அட்டைகள் இருந்தன.

இவர் இனி நான்கு நாளாவது பேச மாட்டார் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 9

நான்கு இல்லை, எட்டு. இன்று வாயைத் திறந்து, “குழம்புல உப்பு இல்ல” என்றார். ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்தேன்.

1998 மார்ச் 16

ரிப்பன் பிரிண்டர் வைத்த மெஷின் வந்துவிட்டது. தறி மாதிரி சத்தம் போடுகிறது. நிறுத்தி வைத்த சம்பளத்தில் ஒரு மாதத்தது கையில் வந்தது. எப்சிபாவுக்குக் கால்குலேட்டர் வாங்கினேன். நன்றாயிருக்கிறது என்றாள். அவளிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறதாம், சினேகிதி கொடுத்தது. பிறகுதான் தெரிந்தது.

செப்டம்பர் 30, புதன்

ஆயுத பூஜை. இந்தத் தடவை தூங்கவில்லை. சோலைச்சாமி அண்ணாச்சி ஆள் விட்டுக் கூப்பிட்டிருந்தார்.

கல்லாப்பெட்டிக்கும் தராசுக்கும் நடுவில் புது ரசீதுக் கட்டு, மேலே பொட்டு. குத்துவிளக்குக்கு ஒட்டி வைத்திருந்தார், வேண்டுமென்றே. நானும் ஜகந்நாதனும் முத்துப்பேச்சியும் வரிசையாக நின்றோம். சாமி கும்பிட வந்த கூட்டம் சாமியைப் பார்க்கவில்லை, ரசீதைத்தான் பார்த்தது.

சூடம் காட்டி முடித்ததும் அண்ணாச்சி மேலாக இருந்த ரசீதை எடுத்து, எரிகிற சூடத் தட்டுக்கு மேல் பிடித்தார். ஒரு பக்கம், பிறகு மறுபக்கம், அப்பளம் வாட்டுகிற மாதிரி. ஓரம் லேசாகப் பழுத்தது. எழுத்து அப்படியே இருந்தது. ஜகந்நாதன் மூச்சு விடுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

“சரித்தான்” என்றார் அண்ணாச்சி. ரசீதைத் திருப்பி, காதில் செருகியிருந்த பேனாவையும் சேர்த்து என்னிடம் நீட்டினார். “பின்னால ஒரு கையெழுத்தப் போட்டுருங்க. இருக்கட்டும்.”

இனிமேல் அது தேவையில்லை என்று ஜகந்நாதன் வாயெடுத்தார். நான் வாங்கிப் போட்டேன்.

பொரிகடலைப் பொட்டலத்தோடு வீட்டுக்கு வந்தேன். ராத்திரி ஜெபத்துக்குப் பைபிளைத் திறந்தபோது ஒரு சின்னக் காகிதம் கீழே விழுந்தது. எப்சிபா எடுத்தாள்.

“என்னம்மா, வெத்துப் பேப்பரைப் பொத்தி வச்சிருக்கீங்க?”

வாங்கிப் பார்த்தேன். என் பெயர், தேதி, ஒரு ரூபாய், ஒன்றும் இல்லை. விளக்குப் பக்கத்தில் இருந்ததெல்லாம் கறுத்தது, இருட்டில் இருந்தது வெளுத்துவிட்டது. இதை நம்பித்தான் வீட்டை விட்டுக் கிளம்பியிருக்கிறேன். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இவர் என்னவென்று எட்டிப் பார்த்தார், சொன்னேன், அவரும் சிரித்துவிட்டார். பத்து மாதத்தில் முதல் தடவை.

திருப்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் கையெழுத்துப் போட்டிருக்கவில்லை. எப்சிபாவிடம் பேனா வாங்கிப் போட்டு, அதே பக்கத்தில் வைத்தேன். காலையில் ஏழரை வண்டி.