அக்காவிடம் சொல்லிவிட்ட பேச்சு

நவ. 4, செவ்வாய்
காலையிலிருந்து தூறல். ஆஸ்பத்திரி வாசலில் செருப்பு தேடல். கிடைத்தது. வலதுகால் மட்டும் வேறு யாருடையதோ.

அக்காவுக்கு இதயம் ரொம்பப் பலவீனம். மருந்து கொடுக்கிற அளவு கொடுத்தாச்சு, இனி அவங்க சாப்பிட்டு, நாலு வார்த்தை பேசினால்தான் உடம்பு கேட்கும் என்றார் டாக்டர். நானும் அக்கா வீட்டுக்காரர் மச்சானும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துத் தலையாட்டினோம்.

மச்சானோடு பேச்சு நின்றது அக்கா மகள், என் மருமகள், கல்யாணத்தில். பத்திரிகையில் தாய்மாமன் என்று என் பெயர் இல்லை. அச்சகத்தில் விட்டுப்போச்சாம். அன்றிலிருந்து எல்லாம் அக்கா வழியாகத்தான், மூவரும் ஒரே அறையில் இருந்தாலும். இன்றைக்கும்:

"ஒன் தம்பி வெயிட்டுக்கு அந்த ஸ்டூல் தாங்காதுன்னு சொல்லு."

"இது அவரு சீதனமா கொண்டாந்த ஸ்டூலான்னு கேளுக்கா."

அக்கா இரண்டையும் கைச்சரக்கு சேர்த்துக் கடத்தினாள். ஒன்றரை இட்லி இறங்கியது. எதிர்க் கட்டில் அம்மா டிவி பார்ப்பதுபோல எங்கள் பக்கமே திரும்பிப் படுத்திருந்தது.

வாங்க: பெட்ஷீட், பிளாஸ்க், வலதுகால் செருப்பு.

நவ. 6, வியாழன்
வெயில். டீக்கடையில் மச்சான் தானாக வந்து பக்கத்தில் நின்றார். "மாப்ள, அவளுக்காகவாச்சும் பேசிருவோம்." டீ என் சட்டையில்.

மேலே போய் அக்கா முன்னால் பேசினோம். உக்காருங்க மச்சான், நீங்க உக்காருங்க மாப்ள. பள்ளிக்கூட நாடகம் தோற்றது. நல்லாருங்க என்று சிரித்தாள் அக்கா. பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிவிட்டாள். கஞ்சி வேண்டாம். சாயங்காலமும் வேண்டாம். கிளம்பும்போது என்னிடம் மட்டும்:

"இனி எனக்கு என்னடா வேல இருக்கு?"

நவ. 7, வெள்ளி
படிக்கட்டில் மச்சானிடம் சொன்னேன். செத்த நேரம் கைப்பிடிச் சுவரையே தடவிக்கொண்டிருந்தார். சண்டையோடு மேலே போவதென்று முடிவு. அவசரத்துக்கு ஒரு காரணம் அகப்படவில்லை. இத்தனை வருஷம் எப்படித்தான் சமாளித்தோமோ.

உள்ளே நுழைந்ததும் மச்சானே ஆரம்பித்தார். "ஒன் தம்பி பேர வேணும்னுதான் போடலன்னு சொல்லு."

நிஜமாகவே எரிந்தது எனக்கு. அவர் நடித்தாரா, இன்னும் தெரியவில்லை. அக்கா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ஏலே, ரெண்டு பேரும் சேந்து என்னைக் கொன்னுருவீக என்றாள். முகத்தில் அம்புட்டு வெளிச்சம். இட்லி இரண்டு. உப்புப் போட்ட சட்னி கேட்டு சிஸ்டரிடம் திட்டு.

நவ. 10, திங்கள்
ஐ.சி.யூ. ஒருவருக்குத்தான் அனுமதி. சிஸ்டர் இரக்கப்பட்டு இருவரையும் விட்டார். அக்காவுக்கு நினைவில்லை. மச்சான் அவள் காதருகே குனிந்தார்.

"ஒன் தம்பி காலையிலருந்து சாப்பிடாம நிக்கிறான். சாப்பிடச் சொல்லு."

"அவரு சாப்பிட்டாத்தான் நானும்னு சொல்லுக்கா."



நவ. 13, வியாழன்
நேற்று அடக்கம். மழை. கல்லறைத் தோட்டத்துச் சேறு இன்னும் வேட்டியில்.

மச்சான் வீடு. மருமகள் அழுது ஓய்ந்து உள்ளே படுத்திருக்கிறாள். மச்சானே டீ போட்டு வந்தார். முதல் தடவையாக இருக்கும். என் கையில் கொடுத்துவிட்டு, அக்கா உட்காரும் நாற்காலியைப் பார்த்துச் சொன்னார்:

"அவனுக்குச் சீனி போதுமான்னு கேளு."

சீனியே போடவில்லை.

போதும்னு சொல்லுக்கா என்றேன்.