பன்றி லோரியும் பழைய மருந்தும்

மார்ச் 1999, திங்கள். காலையிலேயே சுள்ளென்று வெயில்.

வார்டில் இருந்தவர்கள்: நான், மகள் கலா, என் வீட்டுக்காரருடன் லோரி ஓட்டும் சேகர், டாக்டரம்மா. கட்டிலில் அவர், கண் திறக்காமல்.

கொசுக் காய்ச்சல் இல்லையாம். பன்றிப் பண்ணைகளில் ஏதோ புது வைரஸ். டாக்டர் மறுபடி கேட்டார்: "பன்னி கிட்ட போனாராம்மா?"

"முருகன்மேல சத்தியமா இல்ல டாக்டர். சித்ரா பௌர்ணமிக்குப் பால்குடம் நேர்ந்திருக்கோம். வீட்டுல முட்டைகூட இல்ல. செலாயாங் காய்கறிப் பாசாருக்குக் கோஸ்தான் ஏத்துறாரு."

சேகர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

செவ்வாய். மழை. கிள்ளான் வீட்டில் விளக்கேற்றிவிட்டு முதல் பஸ்.

ஆஸ்பத்திரி மாடிப்படியில் சேகர் வழிமறித்தான். "அக்கா, திட்டாதீங்க. கோஸ் ஒரு நடை, பன்னி ரெண்டு நடை. ஒங்களுக்குப் பயந்து எங்க வீட்டுல குளிச்சிட்டுதான் வருவாரு."

சவர்க்கார வாசனையோடு வருவாரே. பக்தி என்று நினைத்தேன்!

"நேத்தே சொல்லித் தொலைக்கிறதுதானே?"

"நீங்க முருகன்மேல சத்தியம் பண்ணிட்டீங்க. நான் எப்படிக்கா குறுக்க பேசுறது?"

ஓடினேன். ஒரு செருப்பு படியிலேயே. டாக்டரிடம் எல்லாம் சொன்னேன். திட்டவில்லை.

"வேற வைரஸுக்கு ரொம்ப நாளா இருக்கிற மருந்தும்மா. இதுக்குக் கேக்குமான்னு யாருக்கும் தெரியாது. இதுக்குன்னு வேற மருந்தும் இல்ல. குடுக்கவா?"

"குடுங்க."

மருந்தின் பேர் ரிபாவிரின். என் அகராதியில் இல்லை. ஓரத்தில் எழுதிச் சேர்த்தேன்.

இன்றைய செலவுக் கணக்கு: பஸ், சூடம், இளநீர் (கலா குடித்தாள்).

வெள்ளி. காய்ச்சல் இறங்குகிறது. விரல் அசைந்தது. முருகா.

ஞாயிறு. கண் திறந்தார்! முதல் பேச்சு: "தண்ணி." அடுத்தது: "லோரி யார்ட்ட இருக்கு?"

"எது, கோஸ் லோரியா, பன்னி லோரியா?" என்றேன்.

மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். கலாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எதிர்க் கட்டில் சீன அம்மாவும் சிரித்தார், ஒன்றும் புரியாமலே.

குணமாக்கியது அந்த மருந்துதானா என்று டாக்டரைக் கேட்டேன். "இப்ப சொல்ல முடியாதும்மா. நெறைய பேருக்குக் குடுத்துப் பாத்தாதான் தெரியும்." டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். நான் இரண்டு பேருக்கும் கும்பிடு போட்டேன், டாக்டருக்கும் முருகனுக்கும்.

புதன். உட்கார்ந்து கஞ்சி குடித்தார். கரண்டி அவர் கையிலேயே. உப்பு போதவில்லையாம்! ஜெயித்துவிட்டோம்.

கோயில் பூசாரிக்குச் சேகரிடம் சொல்லி அனுப்பினேன்: சாமி, பன்றி ஏற்றிய கையால் அவர் பால்குடம் எடுக்கலாமா? குடத்தை விளக்கி வைத்துவிட்டேன். சீக்கிரம் பதில் சொல்லுங்கள்.