எரியாமல் போகும் வாயு

ஐப்பசி, புதன் இரவு

இன்று செல்வராசுவை அடித்துவிட்டேன். மின் நிலையத்துக்குப் போகும் எரிவாயுக் குழாய் அவன் வயலுக்கு அடியில்தான் ஓடுகிறது. கம்பெனிக்காக ஊரில் அந்தக் குழாய்த் திட்டத்தை விற்றவன் நான். "இந்த வாயு எரிஞ்சா நிலக்கரியில பாதிப் புகைதான்" என்று வீடு வீடாகச் சொல்லி, சம்மதக் கையெழுத்து வாங்கிக் கொடுத்தவனும் நான்.

காலையில் என் கடைக்கு வந்த செல்வராசு சட்டையைப் பிடித்து வயலுக்கு இழுத்துப் போனான். நட்ட நாற்றுக்கு நடுவே, குழாயில் கசிந்த வாயு தண்ணீரில் கொப்பளித்துக்கொண்டிருந்தது. தீக்குச்சியைக் கிழித்து வீசினான். தண்ணீர்மேல் நெருப்பு குப்பென்று எழுந்து என் புருவத்தைக் கருக்கியது.

"எரிஞ்சாத்தானே பாதி, பாய்? எரியாம இப்படியே மேல போனா கரிப்புகையவிட மோசமா பூமியச் சூடேத்துமாம். எம்மவ படிச்சுட்டுச் சொல்றா. தெரிஞ்சேதான் வித்தீங்களா?"

தெரியும். ஆனால் கூட்டம் கூடிவிட்டது. "தெரியாது" என்றேன்.

"பொய்யி" என்று காறித் துப்பினான். மூக்கிலேயே குத்தினேன். ரத்தம் நாற்றின்மேல் சொட்டியது. அவன் திருப்பி அடிக்கவில்லை.

"அடுத்து மேலத்தெருவுல கையெழுத்து வாங்கணும்ல? என் மூக்கக் காட்டி வாங்குங்க பாய்."

நாளை மேலத்தெருவுக்குப் போகத்தான் வேண்டும். இந்த முறை கசிவையும் சொல்லிவிட்டுத்தான் கேட்பேன். ஒருத்தனும் கையெழுத்துப் போட மாட்டான்.